பெரியம்மா கட்டிய தொட்டில்கள்

கழக்கூட்டத்து ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, விதுரா பஸ்ஸில் வந்து இறங்கிய பெரியம்மாவையும் பெரியப்பாவையும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். இருவரும் எஸ்டேட் தமிழர்கள். அவர்களுக்குத் தெரிந்த சந்தை மலையாளம் விசாரணைக்குப் போதாது, மொழிபெயர்க்க நான் வருகிறேன் என்று நானேதான் குதித்தேன்.

பெரியம்மாவுக்கு முதல் குழந்தை ஆபரேஷனில் இறந்தே பிறந்தது. அந்த ஆபரேஷனிலேயே, அவளிடம் கேட்காமல், கருக்குழாயைக் கட்டிவிட்டார்கள். வயதான பிறகு கர்ப்பப்பையை எடுத்த டாக்டர் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. இப்படிப்பட்ட பெண்களை அரசு அங்கீகரித்து நஷ்ட ஈடு தரும் என்றதும் மனு போட்டோம்.

விசாரணையில் எடுத்த எடுப்பிலேயே அதிகாரியம்மா ஒரு குண்டைப் போட்டார். சம்மதப் படிவத்தில் கணவரின் கையெழுத்து இருக்கிறது, மனைவியிடமும் சொல்லிவிட்டதாக அதில் அவர் கூறியிருக்கிறார், அப்படியானால் மனு நிற்காது. நான் படபடவென்று சட்டம் பேச ஆரம்பித்தேன்.

"மோளே, நீ சும்மா இரு. அம்ம பறயட்டும்" என்றார் அதிகாரி, பெரியம்மாவைப் பேசச் சொல்லி.

எஸ்டேட் அம்மன் கோயில் மரத்தில், பிள்ளை வேண்டுகிறவர்கள் ஆடியில் சின்ன மரத்தொட்டில் கட்டுவார்கள். தீட்டு நிற்கும்வரை பெரியம்மா ஒரு ஆடியும் விட்டதில்லை.

"கொழாயக் கட்டினது தெரிஞ்சவ தொட்டில் கட்டுவாளா மேடம்? லயத்து வீடுகள்ல யாரை வேணா கேளுங்க, சிரிச்சவளுக எல்லாம் உசிரோடதான் இருக்காளுக."

அதிகாரியின் பேனா நின்றது. பெரியப்பாவிடம் திரும்பி, உண்மையில் மனைவியிடம் சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன் என்றால் மனு விழும். சொல்லவில்லை என்றால், அத்தனை ஆடியும் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தார் என்றாகும்.

"சொல்லல மேடம். இன்னொரு பிரசவம்னா உசிரு போயிரும்னு பயமுறுத்தினாங்க. கையெழுத்துப் போட்டேன். பொறவு சொல்ல வாய் வரல."

பெரியம்மா அவரையே பார்த்தாள்.

"தொட்டில் கட்டக் கொப்ப வளைச்சுப் பிடிச்சுத் தந்தது நீங்கதானே."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. இதையெல்லாம் பதிவு செய்யலாமா, யோசித்துச் சொன்னாலும் போதும் என்று அதிகாரி தணிந்த குரலில் கேட்டார்.

"எழுதச் சொல்லு மக்ளே" என்றாள் பெரியம்மா.

அவளுக்குத் தெரியாமல்தான் நடந்திருக்கிறது, அங்கீகாரத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அதிகாரி சொன்னபோது, நான் மட்டும்தான் நன்றி சொன்னேன்.

வெளியே வந்ததும் பெரியப்பா பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் பெரியம்மா என்னிடம், உன் ஹாஸ்டல் ரூமில் கொஞ்ச நாள் இருக்க விடுவார்களா என்று கேட்டாள்.