ஜெரூஷா டீச்சர் வாயை மூடிய சனிக்கிழமை

முடிச்சூரில் ஜெரூஷா டீச்சர் நடந்து பார்த்தவர்கள் கிடையாது. ஓடித்தான் பார்த்திருக்கிறார்கள். காலையில் ஹெல்மெட்டுக்குள்ளேயே கடைசி வாய் இட்லியை மென்றுகொண்டு, ஸ்கூட்டரில் மேற்குத் தாம்பரம் பள்ளிக்கூடத்துக்குப் பறக்கிற பெண்மணி. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், எக்ஸோட மதிப்பு வந்து..." என்று இழுக்கும். "அஞ்சு. உக்காரு" என்பாள். பாவம், அந்தப் பிள்ளை ஆறு என்று சொல்ல வந்திருக்கும். ஏன் ஆறு என்று நினைத்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சர்ச்சிலும் இதே கதைதான். சபையார் எல்லோரும் சேர்ந்து சொல்கிற ஜெபத்தில், மற்றவர்கள் பாதி தூரம் வருவதற்குள் இவள் ஆமென் சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போதகர் ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டும்விட்டார், முன்னாடி போய் எங்களுக்கும் இடம் போட்டு வைக்கிறீங்களாம்மா என்று.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வேகத்துக்கு ஒரு மரியாதை உண்டு. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தின்போது, தண்ணீர் வருமா வராதா என்று தெருவே வாசலில் நின்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், இவள் தன் வீட்டுச் சாமானையெல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றியதோடு நிற்காமல், கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி கங்கையம்மாளின் அரிசி மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். அன்றிலிருந்து கங்கையம்மாளுக்கு டீச்சர் என்றால் உயிர்.

வம்பெல்லாம் வாயில்தான். கால் போகிற அதே வேகத்தில் வாயும் போகும். யார் பேச ஆரம்பித்தாலும் முடித்து வைப்பது அவள் பொறுப்பு. கணவர் ஆஸ்டின் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர், நிதானமான மனுஷர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் முழுசாகச் சொல்லி முடித்த விஷயம் என்று தேடினால் "குட்நைட்" ஒன்றுதான் தேறும்.

இந்த லட்சணத்தில்தான், ஒரே மகள் ஹெப்சி தன்னிடம் பேசுவதையே விட்டுவிட்டாள் என்பது ஜெரூஷாவுக்கு ஜனவரி மாதத்தில் உறைத்தது. ஹெப்சி காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறாள். சாப்டியா என்றால் ம். பரீட்சை எப்படி என்றால் ம். சரி, களைப்பாக இருக்கும் என்று விட்டிருந்தாள். ஆனால் ஒரு வியாழக்கிழமை பள்ளியிலிருந்து கொஞ்சம் முன்னதாக வந்தவள் மாடிப்படியிலேயே மகளின் குரலைக் கேட்டாள். லீவு போட்டிருந்த அப்பாவிடம் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது அந்தப் பெண்! கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் கப்சிப்.

ஹெப்சி குளிக்கப் போனதும் ஆஸ்டினைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க சொன்னா?"

"அது வந்து, ஜெரூ..."

"லவ்வா? அரியரா? யாரு பையன்?"

"அவளே சொல்லட்டும். ஆனா ஒண்ணு..."

"நான் திட்டக் கூடாது, அதானே?"

"திட்டினாக்கூடப் பரவால்ல. குறுக்க பேசாத. அவ சொல்லி முடிக்கற வரைக்கும் வாயத் திறக்காத, அவ்ளோதான்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. சுருக்கென்றது. பெற்றவளிடம் சொல்ல முடியாதது அப்படி என்ன? அன்று இரவு தோசை வார்க்கும்போது இரண்டு தோசை தீய்ந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்தியபோது ஆஸ்டின் போன் செய்தார்.

"ஜெரூ, இந்த மொச்சக்கொட்டை விஷயமா..."

"வாங்கிட்டு வரேன். வெச்சிடறேன்." வைத்துவிட்டாள். உரித்த மொச்சையாகப் பார்த்து இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தால், கேட்டிலேயே கங்கையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னா டீச்சரம்மா, நீ வேற வாங்கிகினு வர்ற? நாந்தான் காலைலயே ஒரு கூடை உரிச்சு உங்க வூட்ல குட்த்துட்டேனே! சாராண்ட சொன்னேனே, உன்கைல சொல்லச் சொல்லி!"

"சொன்னாரே! அவர் அதத்தான்..." என்று சொல்ல வந்து ஜெரூஷா அசடு வழிந்தாள்.

அத்தோடாவது நின்றாளா? மேலே போன கையோடு கூடையையும் பையையும் ஒன்றாகக் கொட்டி, பெரிய அண்டாவில் தண்ணீர் விட்டு ஊறப் போட்டுவிட்டாள். "பாதிய ஃப்ரிட்ஜ்ல..." என்று ஆஸ்டின் வாயெடுப்பதற்குள் வேலை முடிந்துபோயிற்று. ஊறிய மொச்சையை மறுநாளே பிதுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வீடு நாறும்.

ஆக, சனிக்கிழமை காலை மூன்று பேரும் ஹாலில் பழைய பேப்பரை விரித்து அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிதுக்குப் பருப்புக் குழம்பு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அதன் ருசி. பிதுக்கியவர்களுக்குத்தான் தெரியும், அதன் பாடு. ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, இதமாக ஓர் அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மொத்தமாக அள்ளிப் பிசைவதெல்லாம் இங்கே நடக்காது.

ஜெரூஷாவிடமா? பத்தே நிமிஷத்தில் பாத்திரத்தைக் காலி பண்ணிக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தாள். முதல் பருப்பு டிவியில் போய் ஒட்டியது. அடுத்தது ஆஸ்டினின் மூக்குக் கண்ணாடியில் டிங் என்று அடித்தது. இன்னொன்று எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஹெப்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் சிரித்து எத்தனை நாளாயிற்று! அதற்காகவே இன்னும் இரண்டைப் பறக்கவிடலாமா என்றிருந்தது தாய்க்கு.

"மெதுவா அமுக்கும்மா. அதுவா வரும்."

மெதுவாக அமுக்கினாள். அட, வந்தது. பருப்பு கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தது. ஒன்று, இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இப்படிச் சும்மா உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

ஹெப்சி குனிந்தபடியே ஆரம்பித்தாள். "அம்மா, எனக்குக் காலேஜ்ல..."

நின்றுவிட்டாள்.

ஜெரூஷாவின் நாக்கு நுனியில் அரியர், ராகிங், யாரோ ஒரு பையன் என்று எல்லாம் முட்டி மோதிக்கொண்டு நின்றன. ஆஸ்டின் கலவரத்தோடு மனைவியைப் பார்த்தார். அவள் சட்டென்று ஒரு பச்சைக் கொட்டையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கசந்தது. கசக்கட்டும்!

"காலேஜ்ல மூணு கம்பெனி வந்துச்சு. மூணுலயும் எடுக்கல." ஒரு பருப்பு கிண்ணத்தில் விழுந்தது. "டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணிடறேன்மா. இன்டர்வ்யூலதான் போயிடுது. கேள்வி கேப்பாங்க. பதில் தெரியும். பாதி சொல்லுவேன். அப்புறம் நின்னுடுவேன்."

ஏன் என்று கேட்க வாய் பரபரத்தது. கொட்டை காப்பாற்றியது.

"மிச்சத்த யாராவது சொல்லுவாங்கன்னு வெயிட் பண்ணுவேன். அவங்க என்னப் பாப்பாங்க, நான் அவங்களப் பாப்பேன். அப்புறம் தேங்க்யூன்னு அனுப்பிடுவாங்க." இப்போதுதான் நிமிர்ந்தாள். "வீட்ல எப்பவும் நீ முடிச்சுடுவ இல்லம்மா? எனக்கு முடிச்சுப் பழக்கமே இல்ல."

குறையாகக்கூடச் சொல்லவில்லை அந்தப் பெண். உள்ளதைச் சொன்னாள். ஜெரூஷாவுக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை. வந்தது வெட்கம். அடுத்த கணமே பழைய வேகம் தலைதூக்கியது. யாருக்குப் போன் பண்ணலாம், எங்கே கோச்சிங் சேர்க்கலாம்? கை போன் பக்கம் போயும் விட்டது. பாதி வழியில் அதை இழுத்து மறுபடி அண்டாவுக்குள் விட்டாள். கொட்டையை மென்று விழுங்கினாள்.

"அடுத்த இன்டர்வ்யூ எப்போ?"

"திங்கக்கிழமை."

"இப்ப நான் கேக்கட்டா? கம்பெனிக்காரங்க மாதிரி?"

"நீயா? கேள்வியும் கேட்டு, பதிலும் நீயே சொல்லி, வேலையும் நீயே வாங்கிடுவ!"

ஆஸ்டின் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஜெரூஷாவும்தான். சிரித்து முடித்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, குரலைக் கனமாக்கிக் கேட்டாள்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க."

"என் பேரு ஹெப்சி. நான்..."

வழக்கமான இடத்தில் வந்து வண்டி நின்றது. ஜெரூஷா ஒரு கொட்டையை எடுத்து மெல்ல அழுத்தினாள். பிறகு இன்னொன்று. மகள் தாயைப் பார்த்தாள். தாய் மொச்சையைப் பார்த்தாள். அந்த மௌனம் தாங்காமல் போனது, யாருக்கென்று நினைக்கிறீர்கள்? ஆஸ்டினுக்கு! "அவ ரொம்ப..." என்று அவர் வாயைத் திறக்க, ஜெரூஷா முழங்கையால் அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள். மனுஷர் அடங்கினார்.

"நான் பதில் சொல்லக் கொஞ்சம் டைம் எடுத்துப்பேன் மேடம்," என்றாள் ஹெப்சி. குரல் முதலில் நடுங்கி, அப்புறம் நிலைக்கு வந்தது. "ஆனா சொல்லிடுவேன். நீங்க கொஞ்சம் வெயிட் பண்ணாப் போதும்."

ஜெரூஷா கையிலிருந்த கொட்டையை அப்படியே போட்டுவிட்டு, "வெரி குட்! அப்படிப் போடு! இதையே அங்கயும்..." என்று பாய்ந்துவிட்டாள்.

"அம்மா, நான் இன்னும் முடிக்கல."

ஜெரூஷா டீச்சர் கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். அண்டாவில் பாதி மொச்சை அப்படியே கிடந்தது.

"சாரி. சொல்லுங்க," என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."