பார்கவியின் பதினொரு நிமிடங்கள்

பொத்தானை அழுத்திய கையோடு பார்கவி கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிடுவார். "அது எழுந்துக்கட்டும். நீங்க சொல்லுங்க, என்னா விஷயம்?" எதிரே ஸ்டூலில் இருப்பவர் சொல்லத் தொடங்குவார்.

ஜோகுபாளையத்தில் மாவு மில்லை ஒட்டி, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு டைப்பிங் கடை. பார்கவிக்கு வயது ஐம்பத்திரண்டு. தெருவில் 'அப்ளிகேஷன் பார்கவி' என்றால்தான் தெரியும். நம் ஆட்கள் தமிழில் சொல்வதைக் கேட்டுக் கன்னடத்தில் மனுவாக அடித்துக் கொடுப்பார். ஆள் போனதும் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார். "சூடாயிடும். அதுக்கும் வயசாச்சு இல்ல?" மதியம் சாப்பிடப் போனால்கூட மானிட்டருக்குப் பூப்போட்ட உறை ஒன்றை மாட்டிவிட்டுத்தான் போவார்.

அது எழுந்திருக்கப் பதினொரு நிமிடம். வாடகைப் பத்திரம் அடிக்கப் போன அன்று நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மனு கொடுக்க வருகிறவர்கள் யாரும் விஷயத்தில் தொடங்குவதில்லை. மாமியார், மழை, மூத்த மருமகன் என்று ஊரைச் சுற்றி, ஒன்பதாவது நிமிடத்தில்தான் உண்மை வெளியே வரும். பார்கவி குறித்துக்கொள்ள மாட்டார். "ம்" கொட்டுவதோடு சரி. திரை வந்ததும் திரும்பி, ஒரு கேள்வி கேட்காமல் அடித்து முடிப்பார். தான் அடித்த மனு எந்த ஆபீஸிலிருந்தும் திரும்பி வந்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அந்தக் கடை நடப்பதே அந்தப் பேரை வைத்துத்தான்.

போன மழைக்காலத்தில் ஹார்ட் டிஸ்க் 'டொக் டொக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. பாதி மனுவில் திரை உறைந்து நிற்கும். அல்சூரிலிருந்து டெரிக் வந்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர்; பேச்சைவிட ஸ்க்ரூ டிரைவர் வேகம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போடலாம், ரெண்டு ஜி.பி. ரேமை எட்டாக்கலாம் என்றார். பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றார். உள்ளே தூசியோடு தூசியாகக் குங்குமம், மஞ்சள் அரிசி.

"ஆயுத பூஜைக்கு வெளிய பொட்டு வெப்பாங்க மேடம். உள்ளயுமா?"

"வேலை செய்யறது உள்ளதானே?" என்றார் பார்கவி.

புது ரேமைச் செருகியதும் கம்ப்யூட்டர் கீ கீ என்று கத்தியது, எழவில்லை. பார்கவி முகத்தில் ஈயாடவில்லை. டெரிக் குங்குமத்தை பிரஷ்ஷால் தட்டி, ரேமின் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினார். இந்த முறை எழுந்தது. பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் புதியதில் ஏற்றி முடிக்க மதியமாகிவிட்டது. பொத்தானை அழுத்தினால் பதினைந்தே விநாடி, திரை வந்துவிட்டது. அதே படம், அதே வரிசையில் அதே கோப்புகள். பார்கவி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் அப்படியேதானே இக்குது? அப்ப என்னாத்த மாத்துன?"

டெரிக் கழற்றிய பழைய டிஸ்க்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மறுவாரம் தெருவில் கீரை விற்கும் ஆயா வந்தார்; கீரை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, "டெத் சர்டிபிகேட் விஷயமா வந்தேன்மா" என்பதற்குள் திரை தயார். அடிக்கவா வேண்டாமா என்று அது பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? பார்கவி மரணச் சான்று மனுவைத் திறந்துவிட்டார்.

"பேரு?"

"சின்னத்தாயி."

"தேதி?"

"ஜூலை பதினாலுன்னு போட்டுக்கிறாங்க."

"எங்க?"

"வூட்லன்னு எழுதிக்கிறாங்க."

பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. ஆயா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து, என் வாடகைப் பத்திரத்தில் ஒரு திருத்தத்துக்காக நான் அங்கே இருந்தபோது ஆயா அதே காகிதத்தோடு திரும்பி வந்தார். "ஆபீஸ்ல அந்த சாரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரும்மா. செத்தது யாருன்னாரு. நான்தாங்கன்னேன். வேற என்னா சொல்லட்டும்?"

சின்னத்தாயி என்பது கீரை ஆயாவின் பெயர் என்று எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. யாரோ தவறாக எழுதியதில் ஆபீஸ் கணக்குப்படி ஜூலையிலேயே அவர் இறந்துவிட்டார். ரேஷன் அட்டையில் பேரை அடித்துவிட்டார்கள். மூன்று மாதமாக அரிசி இல்லை. உயிரோடு இருக்கிறேன் என்று மனு கொடுக்க வந்தவருக்கு, செத்ததற்குச் சான்று கேட்டு மனு போயிருக்கிறது.

"நான் கேட்டதுக்கு எல்லாம் சரியாத்தானே ஆயா சொன்னீங்க?"

"சரியாத்தாம்மா சொன்னேன்."

எனக்குத் தலை சுற்றியது. பார்கவி டெரிக்குக்குப் போன் போட்டார். "உன் ரேமு தப்புத் தப்பா அடிக்குது."

"ரேமு அடிக்காது மேடம், நீங்கதான் அடிக்கறீங்க" என்று டெரிக் சொன்னது எனக்கே கேட்டது.

பார்கவி போனை வைத்துவிட்டு அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். திரும்பி வந்த முதல் மனு. பாவமாக இருந்தது எனக்கு. பிறகு பொத்தானை அழுத்தினார். பதினைந்து விநாடியில் திரை பளிச்சென்று வந்து நின்றது. கை கீபோர்டுக்குப் போனது, பாதி வழியில் நின்றது. மேஜைக்கு அடியிலிருந்து பூப்போட்ட உறையை எடுத்து, எரிகிற திரையின் மேல் மாட்டினார். ஓரங்களை இழுத்துவிட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்.

"அது எழுந்துக்கட்டும் ஆயா. நீங்க மொதல்லேர்ந்து சொல்லுங்க."