குடித்தனம் மாறிய கூடுகள்

ஏணியின் ஏழாவது படியில் நின்று, ஒட்டடைக் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிலந்தியின் முட்டைப்பையைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். பெரும்பாலும் அது வாளியில் விழும். எப்போதாவது மட்டும், "குடித்தனம் மாறிடுச்சுக்கா" என்று என் மேசைக்கு வரும்.

எங்கள் பூச்சியியல் துறையைக் கூட்டித் துடைப்பவள். என்னைவிட மூன்று வயது இளையவள். எல்லோருக்கும் அவள் 'ஒட்டடை'. அப்படி அழைத்தால்தான் திரும்புவாள். ஏணியின் குட்டைக் காலுக்கு முட்டுக்கொடுக்கும் மடித்த அட்டையை மாலையில் வீட்டுக்கே எடுத்துப்போய்விடுவாள். ஏணியில் வேறெவரும் ஏறக்கூடாதாம்.

குடித்தனம் மாறுவதுதான் என் ஆய்வேடு. முட்டைப்பைக்குள் குளவி தன் முட்டையை இட்டுவிடும். பொரியும் புழு சிலந்தி முட்டைகளைத் தின்று வளரும். பையைத் துளைத்துக்கொண்டு வெளிவருவது சிலந்திக்குஞ்சு அல்ல, குளவி. பதினான்கு மாதங்களில் நான் தேடியெடுத்து, எண்ணிட்டு, குப்பியில் அடைத்த பைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. குளவி வந்தவை ஒன்பது. அவள் போகிறபோக்கில் கொடுத்தவை முப்பத்தொன்று; குளவி வராதவை இரண்டே. அதைக் கூட்டிப்பார்த்த அன்றே அவளுடைய ஏணியடியில் போய் நின்றேன்.

"எப்படித்தான் கண்டுபிடிக்கிறே?"

"மேல வந்து பாருங்க, தெரியும்."

ஏறினேன். தலை சுற்றுவது மட்டும் தெரிந்தது.

"இறங்குங்கக்கா, ஆராய்ச்சி விழுந்து மண்டை ஒடையப் போவுது!" துறையே சிரித்தது.

சென்ற வாரம் பேராசிரியர் குப்பிகளைப் பார்த்து வியந்தார். "யாரும்மா இதையெல்லாம் பொறுக்கினது?"

"நான்தான் சார்." வாய் முந்திக்கொண்டது. பதிவேட்டின் 'சேகரித்தவர்' கட்டத்தில், அவள் கொடுத்த முப்பத்தொரு பைகளின் வரிகளிலும், பென்சிலால் என் பெயரையே எழுதியிருந்தேன். அவள் சன்னல் துடைத்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, பதிவேட்டின் மேல் விரல் வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கெல்லாம் நீங்க எப்பக்கா ஏணி ஏறினீங்க?"

அவள் சிரிக்கவில்லை. குளவி வரும் பைகள் இன்னும் பத்தாவது கிடைத்தால்தான் ஆய்வேடு நிறையும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

இடது உள்ளங்கையை விரித்தாள். பழுப்பேறிய புதிய பை ஒன்று. அவசரமாகக் கையை நீட்டினேன். விரல்களை மூடிக்கொண்டாள். மற்றக் கையால், மேசையோரம் கிடந்த ரப்பரை என் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.