எதிர்வீட்டு அழைப்புமணி

"...கேக் கூட சுட்டு ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன். நீங்கதான் வரவே இல்லையே!" என்று எதிர்வீட்டு அம்மா சத்தமாகக் கேட்டபோது, அவர் கையில் எங்கள் வீட்டு இட்லித்தட்டு இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மரமெல்லாம் இலை உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டிலிருந்து பஸ் பிடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் போனால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. ரொட்டிக்கடையை விட்டால் ஒரு பட்டறை, அவ்வளவுதான். அந்தப் பட்டறைக்காகத்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்தோம். என் வீட்டுக்காரருக்கு லேத் வேலை. இந்த மாதிரி ஊர்களுக்கு வேலைக்கு ஆள் வருவதில்லை என்று அவர்களே எங்களைத் தேடிப் பிடித்து, விசாவுக்கு வழி செய்து, வீடும் பார்த்துக் கொடுத்தார்கள். இங்கேயே நிலையாக இருந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கும் கூடவே நின்று விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று முதலாளி கைகுலுக்கிச் சொல்லியிருந்தார்.

நானோ வாய் ஓயாதவள். யார் என்ன சொன்னாலும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டு, இன்னொருவரிடம் சொல்லிச் சிரிப்பதுதான் என் பொழுதுபோக்கு. வந்த வாரமே ஒரு டப்பா நிறைய முறுக்கு சுட்டு வைத்தேன். அக்கம்பக்கத்தவர்கள் பார்க்க வருவார்களே, வெறுங்கையோடு உபசரிக்க முடியுமா?

ஒருத்தரும் வரவில்லை.

தெருவில் எதிரே பார்த்தால் "ஹலோ" என்பார்கள். அதோடு சரி. முறுக்கை என் வீட்டுக்காரரே சாயங்காலம் சாயங்காலம் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து தின்று தீர்த்தார். குளிர்காலம் போய், கோடையும் போயிற்று. நம்மை இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். பேச ஆள் இல்லாமல், இட்லித்தட்டோடு பேச ஆரம்பித்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டார்ம்ஸ்டாட்டில் மளிகை வாங்கப் போகும் கடையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருப்பார். "உங்கை மலையில தனிய இருந்து என்ன செய்யப் போறியள்? இஞ்சாலை வாங்கோ, நாங்கள் இருக்கிறம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போதே, டார்ம்ஸ்டாட்டுக்கே குடிபோய்விடலாம் என்று பிடிவாதத்தை ஆரம்பித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிப் பார்த்தார். பிறகு, "பட்டறை எனக்குப் புடிச்சுத்தான் இருக்குது. ஆனா நீ இப்படி மூஞ்சியத் தூக்கிட்டு உக்காந்திருந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. போயிரலாம்" என்றார். அங்கே ஒரு வேலையும் பார்த்துவிட்டார். புது இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நிரந்தர உரிமை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுப்பதாக முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை, வேண்டாத சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி வாசலில் வைத்தேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பெட்டியின் மேலே இருந்தது பழைய இட்லித்தட்டு. எதிர்வீட்டு அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். தெருவைக் கடந்து வந்து அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், காலி செய்கிறோம் என்று நான் சொன்னதும் பொங்கிவிட்டார். அவருடைய ஜெர்மனை என் தமிழில் சொல்கிறேன்.

"புதுசா வர்றவங்கதானே வந்து மணி அடிச்சு, நாங்க இன்னார்னு சொல்லணும்? நாங்களா வந்தா தொந்தரவு இல்லையா? நீங்க தனியா இருக்கத்தான் விரும்புறீங்கன்னு தெருவே நினைச்சுக்கிட்டிருக்கு!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்க ஊர்ல சாமான் இறக்குறதுக்குள்ளயே பக்கத்து வீட்டுக்காரங்க வந்துருவாங்க. எந்த ஊரு, என்ன வேலை, எத்தனை குழந்தைங்கன்னு எல்லாம் கேப்பாங்க" என்றேன்.

"கூப்பிடாமயேவா?"

"கூப்பிடாமயேதான்."

"சாமான் இறக்கும்போதேவா!" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். முறுக்குக் கதையைச் சொன்னதும் சிரிப்பு இன்னும் கூடியது.

"அந்த கேக் இன்னும் இருக்குங்களா?" என்று, சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அது எப்பவோ தீர்ந்துபோச்சு. உங்க முறுக்கு?"

தின்று தீர்த்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏம்மா, வாசல்ல அழைப்புமணி அழகுக்கா வெச்சிருக்கு?" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு இட்லித்தட்டை என் கையில் திணித்தார். விறுவிறுவென்று தெருவைக் கடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோபித்துக்கொண்டாரோ என்று நாங்கள் விழித்தோம். ஜன்னல் திரை கொஞ்சம் விலகியது. ஒரு விரல் மட்டும் வெளியே வந்து, மணி இருக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டு மறைந்தது.

"ஏனுங்க, திங்கக்கிழமை லெட்டரு?" என்றேன், தெருவைக் கடந்துகொண்டே.

"அது கெடக்குது, நீ மொதல்ல மணிய அடி."

அடித்தேன். நிதானமாகக் கதவைத் திறந்தவர், எங்களை அதற்கு முன் பார்த்ததே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வணக்கம், யாரு நீங்க?" என்று கேட்டார். நாங்கள் எங்கள் பெயரைச் சொன்னோம், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம் என்றோம். "அப்படியா, ரொம்ப சந்தோஷம், உள்ள வாங்க" என்று கைகொடுத்தார். அன்றைக்கே எங்களை இன்னும் நான்கு வீட்டுக்கு மணி அடிக்க அனுப்பிவைத்தார்.

நிரந்தரமாகத் தங்கும் அட்டை போன மாதம் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஊருக்கு எப்போது குடிவந்தீர்கள் என்று யாராவது கேட்டால், அந்த அம்மா எங்களுக்காக வேகவேகமாக ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்லத் தோன்றுகிறது.