திங்கட்கிழமை முதல் பீரியட்

என் மனைவி எழுதிய மென்பொருளை என் மனைவியே திருடிவிட்டதாக ஒரு ஏப்ரல் மாதத்தில் நோட்டீஸ் வந்தது. வந்தது எங்கள் வீட்டுக்கு அல்ல, அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பள்ளிக்கு. "தங்கள் பள்ளியில் எங்கள் நிறுவனத்தின் கால அட்டவணை மென்பொருளின் உரிமம் பெறாத நகல் பயன்படுத்தப்படுவது தெரியவந்துள்ளது. உடனே நீக்கவும், அல்லது உரிமம் வாங்கவும்" என்பது அதன் சாரம். நான் அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் காலம் தள்ளியவன். காகிதத்தைக் கையில் எடுத்தாலே அதன் ஆரோக்கியம் தெரிந்துவிடும். இதில் தேதி இருந்தது, கையெழுத்து இல்லை. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதும் இல்லை. மிரட்டல் மட்டும் வழுவழுப்பான தாளில் அச்சாகியிருந்தது.

பள்ளியின் தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரி. அவரே போன் செய்தார்.

"டீச்சர், நீங்க தப்புப் பண்ணியிருப்பீங்கன்னு நான் சொல்லல. ஆனா மேனேஜ்மெண்ட் கேட்டா நான் என்ன சொல்றது? ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள இது க்ளியர் ஆகலன்னா அந்த சாப்ட்வேர எடுத்துடணும்."

மனைவி போனை வைத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "எடுத்துடட்டுங்க, பரவால்ல. பழையபடி கையாலயே டைம்டேபிள் போட்டுக்கட்டும். ஆனா நான் காப்பி அடிச்சேன்னு அந்த ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் வாயிலகூட வரக்கூடாது. சர்வீஸ் பூரா காப்பி அடிச்சவங்களப் பிடிச்சவ நான்."

கால அட்டவணை என்பது என்னவென்று பள்ளிக்குள் வேலை பார்க்காதவர்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு சயின்ஸ் லேப், இரண்டு வகுப்புகள் சேர்ந்தாலே நிரம்பிவிடும் மைதானம், பகுதி நேரமாக வரும் பாட்டு டீச்சர், தொடர்ந்து மூன்று பீரியட் நிற்க முடியாத முட்டிவலிக்காரர்கள். இவை எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குள் அடைக்க வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சார்ட் தாளை விரித்துப் பென்சிலால் போடுவாள். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவோம். ஓய்வு பெற்றதும் இணையத்தில் பாடம் கேட்டு நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். முதலில் எழுதியது இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான்.

அதில் ஒரு விசித்திரமான விதி உண்டு. அவள் பள்ளியில் இருந்த தமிழ் டீச்சருக்கு ஊர் ராமாபுரம். சனிக்கிழமை வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்புவார். ஹனூர், கொள்ளேகால் என்று நின்று நின்று அது மைசூருக்கு வந்து சேர்வதற்குள் பள்ளியில் பிரேயர் முடிந்திருக்கும். எனவே அவருக்குத் திங்கள் முதல் பீரியட் வகுப்பு கிடையாது. இது எந்த ஆணையிலும் இல்லாத, எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. ஆசிரியர் பட்டியலில் அவர் எண் ஏழு. "ஏழாம் எண்ணுக்குத் திங்கள் முதல் பீரியட் ஓய்வு" என்று மனைவி நிரலிலேயே எழுதிவிட்டாள். இணையத்தில் எல்லோருக்குமாக வெளியிட்டபோது அதை நீக்கவில்லை. கோப்பின் தலைப்பில் தன் பெயர், உரிமம், அவற்றின் கீழே ஒரு குறிப்பு: இந்த விதி எங்கள் பள்ளிக்கானது, வேண்டாதவர்கள் இன்ன வரியில் 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றிக்கொள்ளவும்.

உரிமத்தைத் தேர்ந்தெடுத்தது நான். "இந்த மாதிரி எழுத்தெல்லாம் நீங்கதான் கடைசி வரைக்கும் படிப்பீங்க" என்று என்னிடம் தள்ளிவிட்டாள். இப்படி எல்லோருக்குமாகத் திறந்துவைக்கும் ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் பல இருந்தாலும் சாரத்தில் இரண்டு வகைதான். முதல் வகை: எடுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய், என் பெயரை மட்டும் விட்டுவை. இரண்டாம் வகை: எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது என் பெயரும் இருக்க வேண்டும், நீ செய்த மாற்றங்களின் மூலநிரலையும் இதே உரிமையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஞாயிறு பூசைக்கு நாங்கள் போகும் பங்குக் கோவிலில் கல்யாணத்துக்கென்று பொதுப் பாத்திரங்கள் இருக்கின்றன. யாரும் எடுத்துப் போகலாம். அண்டாவுக்குப் புதுக் கைப்பிடி போட்டவர் அண்டாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதில்லை. இரண்டாம் வகை அதுதான்.

இந்த இரண்டாம் வகையைத் தொழில்நுட்ப உலகில் பலருக்குப் பிடிக்காது. பகிர்தல் என்றால் நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டுமாம். நிபந்தனையற்ற தாராளத்தை உரக்கப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும் பக்கம் நிற்கிறவர்கள் என்பதை நான் டெண்டர் பிரிவிலேயே கவனித்திருக்கிறேன்.

"உனக்கு என்ன வேணும்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பேரு இருக்கணும். யாராச்சும் இதுல நல்லதா எதாவது சேர்த்தா அது எனக்கும் வேணும். அவ்வளவுதான்."

"அப்ப ரெண்டாவது."

நோட்டீஸ் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வக்கீலைப் பாருங்கள் என்றார் ஒருவர். முகநூலில் எழுதுங்கள், ஆயிரம் பேர் பகிர்வார்கள் என்றார் இன்னொருவர். ஆயிரம் பேர் கோபப்படுவார்கள், மறுநாள் வேறொன்றுக்குக் கோபப்படப் போய்விடுவார்கள். எந்த அலுவலகத்திலும் முதல் வேலை உண்மையை நிலைநாட்டுவது. அவர்கள் விற்கும் பொருளை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை. எனவே சிஸ்டரிடம் சொல்லி ஒரே ஒரு வரி எழுதவைத்தேன்: பள்ளி உங்கள் மென்பொருளைப் பரிசீலிக்க விரும்புகிறது, நேரில் வந்து இயக்கிக் காட்டவும். குற்றப்பத்திரிகைக்குப் பதில் தர மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிறுவனம்கூட இந்த மாதிரிக் கடிதத்துக்கு அன்று மாலையே பதில் போடும். போட்டது.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மேலாளர், முப்பது வயதுக்காரர். மைசூரிலேயே வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். இன்னொருவர் மென்பொருளை இயக்கிக் காட்டும் பொறியாளர், ஓர் இளம்பெண். சிஸ்டர் பொய் சொல்லமாட்டார். "இவங்கதான் நம்ம ஸ்கூல் டைம்டேபிள் எல்லாம் பாத்துக்கறவங்க" என்று மனைவியைக் காட்டினார். என்னை "இவங்க வீட்டுக்காரர்" என்றார். அந்தப் பதவியில் இருப்பவரை யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்ப்பதில்லை.

"எந்த ஸ்டாஃப் லிஸ்ட் குடுத்தாலும் போட்டுக் காட்டுவீங்களா?" என்றாள் மனைவி.

"எதுன்னாலும் ஆகும் மேடம். நம்ம அல்காரிதம் ரொம்ப ஸ்மார்ட்டு," என்றார் மேலாளர்.

மனைவி வாய்க்கு வந்த பெயர்களைச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தட்டினார். கத்திரி டீச்சர், வெண்டை டீச்சர், அவரை டீச்சர் என்று காய்கறிக் கடையே திரையில் ஏறியது. ஏழாவது முருங்கை. பொத்தானை அழுத்தியதும் அட்டவணை வந்தது. எனக்கு மிகவும் பழக்கமான அட்டவணை. கட்டங்களின் நிறம் மட்டும் வேறு.

"முருங்கைக்குத் திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் பீரியட் ஏன் ஃப்ரீ?"

அந்தப் பெண் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தயங்கவே இல்லை. "அது ஸ்டாஃப் வெல்னஸ் ஃபீச்சர் மேடம். வாரம் ஸ்டார்ட் ஆகறப்ப ஒரு டீச்சருக்கு ரெஸ்ட்."

"ஒருத்தருக்கு மட்டுமா? மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"யாருக்கு வேணும்னு அல்காரிதம் டிசைட் பண்ணும் மேடம்."

"சரி, வரிசைய மாத்துங்க. பாகல ஏழாவதாப் போடுங்க."

போட்டார்கள். முருங்கைக்கு வேலை வந்தது, பாகலுக்கு ஓய்வு வந்தது.

"இப்ப பாகக்கா டீச்சருக்கு அலுப்பு வந்துடுச்சா?" என்றாள் மனைவி. சிஸ்டர் வாயைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பொறியாளர் பெண் தாழ்ந்த குரலில் மேலாளரிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "சார், இத ஆஃப் பண்ண முடியலன்னு எல்லா ஸ்கூல்லயும் கம்ப்ளெயிண்ட் இருக்கு. எங்க இருக்குன்னு தேடிட்டே இருக்கேன்."

"ஆஃப் பண்ணலாம்மா," என்றாள் மனைவி. "ஒரே ஒரு வார்த்தைய மாத்தினாப் போதும். எந்த வரின்னு ஃபைலோட தலைப்புல எழுதி வச்சிருந்தேன். என் பேர அழிச்சப்ப யாரோ அதையும் சேர்த்து அழிச்சிட்டாங்க."

"ஹௌதா?" என்றார் மேலாளர், அப்படியா என்று கன்னடத்தில். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "நீங்க எழுதி வச்சிருந்தீங்களா?"

"ராமாபுரத்து டீச்சர் பஸ்ஸு லேட்டா வரும், அதுக்காக எழுதினது. உங்க மத்த ஸ்கூல்லயும் ஏழாம் நம்பர் டீச்சர் ராமாபுரத்துலேர்ந்துதான் வர்றாங்களா?"

மேலாளர் கெட்டவர் இல்லை. விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: நிரலை இணையத்திலிருந்து எடுத்துத் தலைப்பை வெட்டிய ஆள் வேலையை விட்டு எப்போதோ பெங்களூருக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தவர்கள் அது தங்களுடையதென்றே மனதார நம்பிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் மேசை விசிறியை ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைப்பதற்கே கையெழுத்து வேண்டும். இங்கே கம்பெனி விற்கும் ஒரே சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆளில்லை.

"இது ஓப்பன் சோர்ஸ்தானே அங்கிள்? யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமே?" என்று மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

உரிமத்தை அச்செடுத்து வைத்திருந்தேன். "எடுத்துக்கலாம் தம்பி. விக்கலாம். அதுக்கு நாங்க ஒண்ணும் சொல்லல. பேர எடுத்தது தப்பு, இந்தப் பிரிவு. நீங்க சேர்த்தத மூடி வச்சது தப்பு, இந்தப் பிரிவு. எழுதினவங்களுக்கே நோட்டீஸ் விட்டதுக்கு இதுல பிரிவு இல்ல. அப்படி ஒருத்தர் செய்வார்னு இந்த லைசென்ஸ எழுதினவங்களுக்குத் தோணல."

அந்த உரிமத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மீறியவருடைய உரிமை அப்போதே ரத்தாகிவிடும். ஆனால் முதல் தடவை மீறியவர், சொன்ன கெடுவுக்குள் தவறைச் சரிசெய்துவிட்டால், ரத்தான உரிமை தானாகத் திரும்பி வந்துவிடும். அபிடவிட் வேண்டாம், அபராதம் வேண்டாம். நான் படித்த அரசாணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது எங்கள் வீட்டு மாடியைத் தொடும். ஒன்றிலும் இவ்வளவு நாகரிகம் இல்லை.

கெடுவைக் குறிப்பிட்டு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி ரிங் ரோடு பக்கம் இருந்த அவர்கள் அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவர் முழுக்கப் 'பகிர்வோம், வளர்வோம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உட்காரச் சொல்லிக் காட்டியது நாற்காலி அல்ல, தரையோடு கிடந்த ஒரு துணிமூட்டை. நின்றுகொண்டே, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் கேட்டேன். அத்தனை பெரிய அலுவலகத்தில் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றுகூட இல்லை. அந்தப் பொறியாளர் பெண்தான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கெடு முடிவதற்கு முன்பே எல்லாம் வந்து சேர்ந்தது. நோட்டீஸ் வாபஸ். பள்ளிக்கு எழுத்துமூலம் மன்னிப்பு. மென்பொருள் யார் எழுதியது என்று முழுப் பெயரோடு. சிஸ்டர் அதை ஸ்டாஃப் ரூம் பலகையில் நான்கு மூலைக்கும் பின் குத்தி மாட்டினார். அட்மிஷன் வேலைக்கு டீச்சர்கள் வந்திருந்த அன்று மனைவி வேறு ஏதோ வேலையாகப் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு இரண்டு தடவை காபி கொடுத்தார்களாம்.

நிறுவனம் சேர்த்திருந்த எல்லாவற்றின் மூலநிரலும் இணையத்தில் வெளிவந்தது. கோப்பின் தலைப்பில் முதலில் அவள் பெயர், அடுத்த வரியில் கம்பெனியின் பெயர். கன்னடத் திரை, லீவு போட்ட டீச்சருக்குப் பதிலாக யார் என்று போனுக்குப் போகும் தகவல், இப்படி அவளால் செய்ய முடியாமல் விட்டுவைத்ததெல்லாம் கைக்கு வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் எழுதியிருக்கா," என்றாள். அவளிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வாங்க எனக்குப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பழைய நிரலையும் புதியதையும் இணைத்துப் பள்ளிக்குக் கொடுத்தாள். கம்பெனியும் தன் பள்ளிகளுக்கு அதையே கொடுத்துப் பராமரிப்புக்குக் கட்டணம் வாங்குகிறது. உழைப்புக்கு வாங்குகிறார்கள், வாங்கட்டும்.

ஜூனில் பள்ளி திறந்த வாரம் மேலாளர் எனக்குப் போன் செய்தார். புதிதாக ஒரு திருத்தம் எழுதி மனைவியின் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். "மேடம் பாத்தாங்களா அங்கிள்?"

சமையலறையைப் பார்த்துக் கேட்டேன்.

"பாத்தாச்சு. திருப்பி அனுப்பிட்டேன்னு சொல்லுங்க," என்று பதில் வந்தது. "சாப்பாட்டு பெல்லுக்கு அடுத்த பீரியடே பி.டி. வர்ற மாதிரி எழுதியிருக்காங்க. சாப்பிட்ட வயித்தோட புள்ளைங்கள ஓட விடுவாங்களா யாராச்சும்? மறுபடி எழுதிட்டு வரச் சொல்லுங்க."

சொன்னேன். எதிர்முனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது.

"எப்பக் குடுக்கணும்னு கேளுங்க அங்கிள்."

"நாளைக்குக் காலையில," என்றாள் மனைவி. "முதல் பெல் அடிக்கறதுக்குள்ள."