நாலு தேசிக்காய்

வேட்டைக்குப் போக ஒரு ஜீப் தேடியபோது, ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் பழைய வாகனம் விற்கும் நம்மூர்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். மொட்டைத் தலை, தொங்கு மீசை. கதைக்கும்போதெல்லாம் சட்டைக் கையால் ஜீப்பின் முகப்பைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"காட்டுச் சேத்துக்கை ஓட வேணும். நாலு சில்லும் இழுக்குமோ?" என்று கேட்டேன்.

நாலு சக்கரத்துக்கும் முன்னால் தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், வைத்து, ஏறி ஓட்டிக் காட்டினார். "பாருங்கோ அண்ணை, நாலும் நசிஞ்சிட்டுது. இனியென்ன ஐமிச்சம்?"

எனக்கும் சந்தேகம் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வாங்கினேன்.

முதல் வேட்டையிலேயே ஜீப் சேற்றில் புதைந்தது. முன்சில்லுகள் சுற்றின; பின்சில்லுகள் வேடிக்கை பார்த்தன. எதிரே ஒரு காட்டுப்பன்றி. வேட்டைத் துவக்கு பின்னால் பெட்டிக்குள். வேட்டைக்காரனாகிய நான் கதவைப் பூட்டிக்கொண்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

"ஏமாத்திப்போட்டீரே ஐசே! பின்சில்லு சுத்தேல்லை!"

"ஐயோ அண்ணை, நல்ல வாகனத்தைக் காட்டுக்கை ஆர் கொண்டுபோகச் சொன்னது? நில்லுங்கோ, வாறன்."

வந்தார். பன்றி அதற்குள் என்னில் சலித்துப் போய்விட்டது. முதலில் முகப்பைத் துடைத்தார். பிறகு பையைத் திறந்தார். இழுவைக் கயிறு வரும் என்று பார்த்திருந்தேன். நாலு தேசிக்காய் வந்தது. என்னை ஏமாற்றிய மனிதர், என்னைவிடப் பக்தியாக அவற்றைச் சில்லுகளுக்கு முன்னால் வைத்தார்.