ரஹ்மத் தேர்ந்தெடுத்த நாலு மைக் மிக்சர்

காலையில் ரஹ்மத்தின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அம்மா மவுத்தாயிட்டாங்க டீச்சர். லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம்.” வில்லியனூருக்குப் பேருந்தில் போகும்போது எனக்கு அழுகை வரவில்லை. அவள் வீட்டு உள்ளறைதான் மனத்தில் இருந்தது. அங்கே பாடிய பெண்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும்.

எண்பதுகளில் அந்த அறையில்தான் ரஹ்மத் பாட்டுப் பதிவு செய்தாள். கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் டெக், எதிரொலி அடங்கச் சுவரெங்கும் தொங்கிய கம்பளிகள், பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்த என்னுடைய ஆர்மோனியம், இவ்வளவே எங்கள் ஸ்டூடியோ. ஆண்கள் நடத்தும் டவுன் ஸ்டூடியோவுக்குப் போகக் கூசியவர்கள் அங்கே வந்தார்கள். ஒரே மைக்கில் எல்லாவற்றையும் பிடித்ததால் ஆர்மோனியம் குரலை விழுங்கியது. இரண்டுக்கும் தனித்தனி மைக் வைத்து, அளவு பார்த்துச் சேர்க்க ஒரு மிக்சர் தேவைப்பட்டது. பேசிக்கொண்டே நாளைக் கடத்தினோம்.

குப்பம்மாள் வந்த பிறகு கடத்த முடியவில்லை. பாகூர்ப் பக்கத்துக் கடலோரத்தில் மீன் விற்பவர். கல்யாண வீடுகளில் பாடுவார். கழுத்தில் கட்டி. குரல் அதுவரை கெடவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு இருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். “அதுக்குள்ள என் பாட்டப் புடிச்சி வச்சிடு பாயம்மா,” என்றார் குப்பம்மாள்.

மதராசுக்கு மூவரும் போனோம். “மிக்சர் வாங்க இம்மாந்தூரமா? நம்ம பஸ் ஸ்டாண்டுலயே பொட்லம் கெடைக்குமே,” என்று வழியெல்லாம் கேலி செய்தார் குப்பம்மாள்.

கடைக்காரர் வரிசையாகக் குமிழ்கள் வைத்த பெரிய மிக்சரில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினார். எனக்கு அதுவே பிடித்துவிட்டது. ரஹ்மத், “பாட்ட நிறுத்துங்க. ஒண்ணும் ஓடாதப்ப இன்னா கேக்குதுன்னு பாக்கணும்,” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். என்னிடமும் கொடுத்தாள். மழை பெய்வதுபோல ஒரே இரைச்சல்.

அடுத்ததில் இரைச்சல் இல்லை. ரஹ்மத் குப்பம்மாளிடம் மைக்கை நீட்டினாள். “தெருவுல கூவுற மாதிரி கூவுக்கா.”

“இங்கயா? சிரிப்பாங்கடி.”

“சிரிக்கட்டும்.”

குப்பம்மாள் மீன் கூவினார். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் உயர்ந்த இடத்தில் ஒலி கிழிந்தது. மூன்றாவது, மூலையில் கிடந்த சிறியது. அதில் எவ்வளவு கூவியும் குரல் குரலாகவே இருந்தது.

“இதுல நாலு மைக்குதாம்மா போடலாம். பெரிய கோஷ்டி வந்தா?” என்றார் கடைக்காரர்.

“வந்தா மாறி மாறிப் பாடட்டும்.”

குப்பம்மாள் தனக்குத் தெரிந்த கல்யாணப் பாட்டுகளையெல்லாம் அதில் பாடி முடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிழைத்தார். குரல் காற்றாகிவிட்டது. பல மாதம் கழித்து வந்து கேசட்டைக் கேட்டார். நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கத் தயங்கினோம். “நல்லாத்தாண்டி பாடிக்கிறேன். கல்யாணத்துல இதப் போடுங்க, நான் தாளம் தட்டுறேன்,” என்று கிசுகிசுத்தார். அப்படியே பல கல்யாணங்களில் தட்டினார்.

ஆஸ்பத்திரியில் குப்பம்மாள் இருந்த நாட்களையும் சொல்ல வேண்டும். ரஹ்மத் தினமும் போய்ப் படுக்கையருகே உட்கார்ந்திருப்பாள். நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். ரஹ்மத் வாயே திறக்கமாட்டாள். ஒரு நாள் வெளியே வந்ததும் காரணம் கேட்டேன். “அக்காவால பதில் சொல்ல முடியாது கஸ்தூரி. நாம மட்டும் பேசிக்கினே இருந்தா அவங்களுக்கு எப்புடி இருக்கும்?”

வில்லியனூரில் அன்று மதியம் ஆண்கள் ரஹ்மத்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிச் சென்ற பின், அவள் மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் சொல்ல என்னிடம் நிறைய வார்த்தைகள் இருந்தன. ஒன்றையும் சொல்லாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரஹ்மத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.